நீ அனுப்பிய சிட்டி ஹால் படம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆபீஸ் போகிற வழி என்று ஒரு படம் அனுப்பியிருந்தாயே, ஆற்றங்கரையில் சாம்பல் நிறக் கல் கட்டடம், உச்சியில் கடிகாரம், அது அயர்லாந்தின் கார்க் நகரத்துச் சிட்டி ஹால், அதாவது நகரசபைக் கட்டடம். நகராட்சிப் பதிவறையில் வேலை பார்த்தவளுக்கு அப்படி ஒரு படம் அனுப்பினால் சும்மா இருப்பேனா? கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன்.

இப்போது நிற்பது 1936-ல் திறந்தது. முன்பு அங்கே இருந்ததை முதலில் தானியச் சந்தையாகத்தான் கட்டியிருக்கிறார்கள். நகரசபை அப்புறம் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அயர்லாந்தில் விடுதலைப் போர் நடந்த 1920 அந்தச் சபைக்குப் பொல்லாத வருஷம். மேயர் டொமாஸ் மக் கர்ட்டனை மார்ச் 20 அன்று, அவர் பிறந்தநாளில், வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அடுத்து மேயரான டெரன்ஸ் மக்ஸ்வீனியை ஆகஸ்டில் சிட்டி ஹாலிலேயே கைது செய்து லண்டன் பிரிக்ஸ்டன் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபர் 25-ல் இறந்தார். அவர் உடலையும் அந்த ஹாலில்தான் மக்கள் பார்க்க வைத்தார்கள்.

டிசம்பர் 11 அன்று கார்க்கின் டில்லன்ஸ் கிராஸில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து விடுதலைப் படை மறைந்திருந்து பிரிட்டிஷ் துணைப்படையைத் தாக்கியது. அன்றிரவே படையினர் பேட்ரிக் தெருக் கடைகளுக்குத் தீ வைத்தார்கள். அணைக்க வந்தவர்களின் தண்ணீர்க் குழாய்களையும் வெட்டினார்களாம். விடிவதற்குள் சிட்டி ஹாலும் பக்கத்துக் கார்னகி நூலகமும் போய்விட்டன.

பழைய பதிவேடுகள் பலவும் அதோடு போயின. எனக்கு மனசு ஆறாதது அதுதான். பிறப்புப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கத்தைக் கரையான் அரித்ததற்கு, ஒரு பெரியவர் பென்ஷனுக்காக மாடிப்படி ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எத்தனை பேர் அலைந்தார்களோ!

இதில் கூத்து என்னவென்றால், அயர்லாந்து விவகாரங்களுக்கான அமைச்சர் ஹாமர் கிரீன்வுட், பேட்ரிக் தெருத் தீ பரவித்தான் சிட்டி ஹால் எரிந்தது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் சொன்னார். நடுவில் ஆறு ஓடுகிறது! ராணுவமே விசாரித்து எழுதிய அறிக்கையை அரசு வெளியிடவில்லை. ஃபைலை அமுக்குவது எல்லா ஊரிலும் உண்டு போல.

புதுக் கட்டடத்துக்கு 1932-ல் அடிக்கல் நாட்டியவர் அப்போது அயர்லாந்து அரசை நடத்திய டி வலேரா, திறந்ததும் அவரே. கல் பக்கத்து லிட்டில் ஐலண்டிலிருந்து வந்தது, பணம் பிரிட்டிஷ் அரசிடமிருந்து. அதை நல்லிணக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நஷ்டஈடாகத்தான் தெரிகிறது. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வந்து கௌரவம் பெற்றதும் இங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை பேட்ரிக் தெருவிலிருந்து சவுத் மால் வழியாகப் பார்னெல் பாலம் தாண்டி அந்தக் கட்டடம் வரை நடந்து பார். அந்தத் தீ எந்த வழியாக வந்திருக்கும் என்று எனக்குச் சொல். மழைக் கோட்டு எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா