அறுவை சிகிச்சைக்குப் பிறகும் செலவு உண்டு

ஆசிரியருக்கு,

தலைக்காயம் பட்டவர்களின் மூளை அறுவை சிகிச்சைக்காகக் கல்லூரி மாணவர்கள் உண்டியல் ஏந்தி நிதி திரட்டிய செய்தியைப் படித்தேன். நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் அறுவை சிகிச்சையோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு, 2021 இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவி உண்டு. அப்புறம் முதலமைச்சர் காப்பீடும் ஓரளவு கைகொடுக்கிறது. கை வறண்டுபோவது வீடு திரும்பிய பிறகுதான்.

என் தங்கை கணவர் பைக்கிலிருந்து விழுந்தபோது ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு எங்களுக்குப் பெரிதாகச் செலவில்லை. அதன் பிறகு ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஆட்டோ, வலிப்பு மாத்திரை, பேச்சுப் பயிற்சி. துணைக்கு இருக்க வேண்டுமே என்று தங்கை தையல் வேலையையும் விட்டாள். மாணவர்கள் வசூலில் ஒரு பங்கை இந்த மறுவாழ்வுச் செலவுக்கென்றே ஒதுக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பதைத் துண்டறிக்கையாக அச்சடித்து, உண்டியல் நீட்டும்போதே கொடுக்கலாம். எங்களுக்கு அது தெரியவந்ததே அந்த ஆறு மாதம் கழித்துத்தான்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்