சதகுப்பை பூத்தால் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் சதகுப்பைக் கீரை (ஆங்கிலத்தில் டில்) பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். இந்தக் கீரையைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக எதிர்பார்த்தவள் நான், அதனால் சந்தோஷமாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். ஆனால் நாற்று வாங்கி நடுங்கள், பூ வந்தால் பிடுங்கிவிடுங்கள், சமைக்கும்போது வெங்காயத்தோடு போட்டு நன்றாக வதக்குங்கள் என்று மூன்று யோசனைகள் அடுத்தடுத்து வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இதை எழுத ஆரம்பித்துவிட்டேன். மூன்றையும் நான் செய்து பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

முதலில் நாற்று. சதகுப்பை கேரட்டின் குடும்பம், கொத்தமல்லியும் சீரகமும் அதே குடும்பம்தான். நேராகக் கீழே இறங்குகிற ஒற்றை ஆணிவேர், அதைத் தொட்டால் செடிக்குப் பிடிக்காது. நான் முதல் தடவை ஆறு நாற்று வாங்கி நட்டேன். நாலு ஒரே வாரத்தில் சாய்ந்துவிட்டது, மிச்சம் இரண்டும் ஒரு சாண் உயரம்கூட வளராமல் அவசர அவசரமாகப் பூத்தன. செத்ததில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், நாற்றுக் குழியின் அடியில் முட்டிய வேர் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. அதற்கப்புறம் நாற்று வாங்குவதை விட்டுவிட்டேன், விதையை நேராகத் தொட்டியில் தூவுவதோடு சரி.

தொட்டி ஓர் அடி ஆழமாவது இருக்கட்டும், அகலம் குறைந்தாலும் பரவாயில்லை. அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. மண்ணோடு கொஞ்சம் மட்கிய எரு போதும், உரத்தை அள்ளிக் கொட்டினால் தண்டு கொழுகொழுவென்று வரும், வாசனை வராது. விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும், மேலே அரை சென்டிமீட்டர் மண் தூவினால் அதிகம். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் புல் மாதிரி மெல்லிசாகத் தலை காட்டும், அதைக் களை என்று நினைத்து நானே பிடுங்கியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். நெருக்கமாக வந்ததைக் கலைத்துவிட்டு, செடிக்குச் செடி ஒரு கை அகலம் இடம் கொடுங்கள். கலைத்த குருத்தை வீணாக்காமல் அப்படியே சமையலில் போடலாம். தினமும் ஆறு மணி நேர வெயில் வேண்டும், ஆனால் மண் காயக் கூடாது. கொளுத்துகிற வெயிலும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் செடி பயந்து பூத்துவிடும்.

பூ விஷயத்துக்கு வருகிறேன், கடிதமே இதற்காகத்தான். சதகுப்பை ஒரு வருடம்கூட நிற்கிற செடி இல்லை, சில மாதச் செடி. விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் இலை பறிக்கலாம், பகல் பொழுது நீண்டாலோ சூடு ஏறினாலோ பூக்கும், சுமார் மூன்று மாதத்தில் விதை முற்றும். மொட்டைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரே செடியை ஆயுசு முழுக்க வைத்துக்கொள்ளப் பார்ப்பதைவிட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை விதையைப் புதிதாகத் தூவிக்கொண்டே இருங்கள், இலைக்கு எப்போதும் ஒரு செடி இருக்கும். பூத்ததை விட்டுவிடுங்கள். குடை விரித்த மாதிரி மஞ்சள் பூ வந்ததும் சின்னச் சின்ன ஈக்களும் குளவிகளும் வரும், அவற்றில் பல, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு எமன், பக்கத்துத் தொட்டிகளுக்கும் சேர்த்து வேலை பார்க்கும்.

பச்சையில் கறுப்புப் பட்டை போட்ட புழு வந்தால் பதறாதீர்கள், அது பட்டாம்பூச்சிப் புழு. லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும், கோபமாம். நான் அதற்கென்றே ஒரு செடியை ஒதுக்கிவிட்டேன்.

சமையலில் இலை, பூ, விதை மூன்றும் மூன்று சாமான், ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. இலையின் வாசனை சூட்டில் பறந்துவிடும், வெங்காயத்தோடு வதக்கினால் வைக்கோல்தான் மிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். என் வழக்கம் இது: உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சுடச்சுட உடைத்து, வெண்ணெய், உப்பு, பிறகு ஒரு கைப்பிடி சதகுப்பை. கிழங்கின் ஆவியில் இலை லேசாக வாடும்போது அடிக்கிற மணத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, கெட்டித் தயிரில் நசுக்கிய பூண்டோடும் இலையோடும் கலந்து அரை மணி நேரம் குளிரில் வைத்தாலும் பிரமாதம். முட்டை, மீன் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். நறுக்கும் முன் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், கத்தி கூராக இருக்கட்டும், இல்லையென்றால் பலகையில் பச்சைப் பசைதான் மிஞ்சும். காயவைத்த இலையில் மணம் பாதிகூட நிற்பதில்லை, நான் நறுக்கி ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுவேன்.

பூங்கொத்தை வெள்ளரிக்காய் ஊறுகாயில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு, சின்ன வெள்ளரி, பூண்டுப் பல், விதை பிடிக்க ஆரம்பித்த ஒரு பூங்கொத்து. காய் தண்ணீருக்குள்ளேயே அமுங்கியிருக்க வேண்டும், மூடியை இறுக்காதீர்கள், ஒரு வாரத்தில் புளித்து வரும்.

விதைதான் எண்ணெயில் பொரிய வேண்டியது. தட்டையாக, ஓரத்தில் வெளிர் கரை வைத்த மாதிரி இருக்கும், வாயில் போட்டால் குழந்தைகளுக்குக் கொடுக்கிற கிரைப் வாட்டர் ஞாபகம் வரும். வரத்தான் செய்யும், 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் தயாரித்த கிரைப் வாட்டரிலேயே சதகுப்பை எண்ணெய் இருந்தது. அந்த மணம் கார்வோன் என்ற பொருளுடையது. ஸ்பியர்மிண்ட் புதினாவிலும் கார்வோன்தான், ஆனால் வலது கைக்கு இடது கை மாதிரி திரும்பிய வடிவம், நம் மூக்கு அதைப் புதினா என்று சொல்கிறது. விதை பழுப்பானதும் கொத்தோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், தானாக உதிரும். கொஞ்சம் சமையலுக்கு, கொஞ்சம் அடுத்த விதைப்புக்கு. தொட்டியைச் சுற்றி விழுந்தது உங்களைக் கேட்காமலே முளைக்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் போட்டிருந்த படத்தில் அடித்தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கிறது. அது சதகுப்பை இல்லை, சோம்பு வகை. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் இருக்கும், கசக்கி முகர்ந்தால்தான் தெரியும், படத்தை முகர முடியாதே. அடுத்த வாரம் சரியான படத்தோடு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மாடியில் ஏழு தொட்டி வைத்திருக்கும் வாசகி