பாப்பாவுக்கு, படம் கிடைத்தது

பாளையங்கோட்டை
புதன் ராத்திரி

என் அன்பு பாப்பாவுக்கு,

படம் கிடைத்தது. எந்த ஊர் என்று நீ எழுதவில்லை. எழுதவே வேண்டாம், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் துறைமுகத்துக் கோப் சுவரை அம்மாவுக்குத் தெரியாதா? ஜேன் ஆஸ்டினின் பெர்சுவேஷன் நாவலை நடத்தும்போது வருஷா வருஷம் கரும்பலகையில் நான் வளைத்து வரைந்த சுவர் அது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்தக் கல்லின் மேல் என் பிள்ளை நிற்கிறாள். இரண்டு மாசமாக ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது.

உன் காலடியில் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு இறங்குகிறதே கல்படி, அதைத்தான் ஊர்க்காரர்கள் பாட்டி பல் என்பார்கள். நாவலில் லூயிசா மஸ்குரோவ் என்ற பெண் குதித்து விழுந்தது அங்கேதான் என்று பலர் காட்டுவார்கள். எந்தப் படி என்று ஆஸ்டின் எழுதவில்லை. எதுவானாலும் கடற்காற்றில் கல் ஈரமாகவே இருக்கும். மழை நாளில் அதில் ஏறாதே. வழுக்காத செருப்புப் போட்டுக்கொள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். கீழே நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவரைப் பார்த்து நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. சரி.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்று மோட்டார் மாற்றியாச்சு. சின்னத்தை பேத்திக்கு அடுத்த மாசம் காது குத்து, நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். வேறு என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. படம் வந்ததிலிருந்து மனசு ஒன்றில்தான் நிற்கிறது. அலமாரியிலிருந்து பெர்சுவேஷனை எடுத்தேன், நீ பச்சை மையில் கிறுக்கின அதே புத்தகம்.

முதல் பக்கம் உனக்கு நினைவிருக்கும். சர் வால்டர் எலியட் பொழுது போக எடுக்கும் புத்தகம் ஒன்றே ஒன்று, பட்டம் பெற்ற குடும்பங்களின் பதிவேடான பரோனட்டேஜ். அதில் அவருடைய குடும்பப் பக்கம். தன் பிறப்பு, கல்யாணம், பிள்ளைகள். மகள் ஆன், நாவலின் நாயகி, பிறந்தது 1787 ஆகஸ்ட் 9. அந்த அப்பாவின் புத்தகத்தில் அவளுக்கு ஒரு வரி. கடன் கழுத்தை நெரித்து கெல்லிஞ்ச் ஹாலை வாடகைக்கு விட்டுவிட்டு பாத் நகருக்குப் போகும் நிலைமையிலும் அவருக்கு அந்தப் பக்கம்தான் ஆறுதல். நம் பச்சை பீரோவில் இருக்கும் ஜாதக நோட்டை நான் எத்தனை ராத்திரி அப்படி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ தண்ணீர் குடிக்க எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவாய்.

அதே அத்தியாயத்தில் ஒரு சின்ன வாக்கியம் வரும். அப்பாவுக்கும் அக்காவுக்கும் அவள் ஒரு பொருட்டில்லை, அவள் சொல்லுக்கு மதிப்பில்லை, "அவள் வெறும் ஆன்". பிள்ளைகளிடம் நான் கேட்பேன், இதைச் சொல்வது யார்? ஆசிரியர் என்பார்கள். இல்லை, நன்றாகக் காது கொடுத்துக் கேளுங்கள், அது அந்த வீட்டின் குரல் என்பேன். மேற்கோள் குறி கிடையாது, "என்று நினைத்தார்கள்" கிடையாது. கதை சொல்கிறவள் தன் வாயிலேயே அவர்களைப் பேசவைத்துவிடுகிறாள். ஃப்ரீ இண்டைரக்ட் டிஸ்கோர்ஸ் என்று அதற்குப் பெயர் எழுதிப்போட்டு, கீழே இரண்டு கோடு இழுப்பேன். தான் விரும்பியும் விலக்கிவிட்ட கப்பற்படைக்காரன் வென்ட்வொர்த்தை எட்டு வருஷம் கழித்துப் பார்த்துவிட்டு வரும் ஆன், ஆழப் பதிந்த உணர்வுக்கு எட்டு வருஷம் ஒன்றுமே இல்லையோ என்று தவிக்கிறாளே, அதுவும் அப்படித்தான் வரும். அவள் தவிப்பு, ஆனால் வாக்கியம் ஆசிரியருடையது. யார் குரல், யார் குரல் என்று கேட்டுக் கேட்டே அந்த நாவலைப் படிக்க வேண்டும். இதை அம்மா நன்றாக நடத்தினேன் பாப்பா. அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த மனிதர்கள் மனசில் உள்ளதை நேராகச் சொல்லவே முடியாதவர்கள். எல்லாம் நடத்தையில்தான் தெரிய வேண்டும். சின்னப் பையன் ஆனின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். வென்ட்வொர்த் வந்து பேசாமல் அவனைத் தூக்கி எடுக்கிறான். அவளால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. நெடுந்தூரம் நடந்து அவள் களைத்துப்போன அன்று, தன் அக்காவும் அத்தான் அட்மிரலும் வந்த குதிரை வண்டியில் வாய் திறக்காமல் ஏற்றிவிடுகிறான். இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அவள் கஷ்டப்படுவதைப் பார்க்கவும் முடியவில்லை. நீயும் அப்படியேதான் இருக்கிறாய். மாசம் முதல் தேதி பணம் வருகிறது. அப்பாவின் மாத்திரைக் கணக்கு என்னைவிட உனக்குத் தெரியும். தீபாவளிக்கு மட்டும் லீவு கிடைப்பதில்லை. ஏழு தீபாவளி.

லூயிசா விழுந்தபோது கூட இருந்தவர்கள் எல்லாம் கதிகலங்கி நிற்கிறார்கள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னது ஆன்தான். வென்ட்வொர்த் ஓடப் பார்க்க, ஊர் தெரிந்த பென்விக்கை அனுப்புங்கள் என்று நிறுத்தியதும் அவள்தான். தாத்தா கொல்லையில் விழுந்த அன்று நீ செய்ததை நினைத்துக்கொள்வேன். பதினாறு வயசு உனக்கு. அந்தப் பிள்ளையை நான் பெற்றேன். அந்தக் கல்லில் ஏறாதே என்று மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

லேடி ரஸ்ஸலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

ஆனுக்கு 19 வயசு. தாய் இல்லாத பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் லேடி ரஸ்ஸல். வென்ட்வொர்த்துக்குச் சொத்தில்லை, கைதூக்கிவிட ஆளில்லை, கப்பற்படை உத்தியோகம் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது, வேண்டாம் என்கிறாள். பாசத்தில்தான் சொல்கிறாள். அவன் பிடித்த எதிரிக் கப்பல்களின் பங்குப் பணமாக 25,000 பவுண்டோடு திரும்பி வருகிறான். நீ விரும்பினவனை வேண்டாம் என்று நான் சொல்ல, நீ சரி என்று தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாயே, அதற்கு மறுநாள் முதல் பீரியடில் நான் அந்த நாலாவது அத்தியாயம்தான் எடுத்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மேடம், லேடி ரஸ்ஸல் செஞ்சது தப்பா?" என்றாள். "அன்பில் செய்தது" என்றேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடைசியில் ஆன் என்ன சொல்கிறாள்? அந்த யோசனை தப்புதான், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டது தப்பில்லை என்கிறாள். அதை உன்னிடமிருந்து வாங்க நான் எழுதவில்லை. லேடி ரஸ்ஸல் தான் நினைத்ததைத் தன் வாயால் சொன்னாள். நான் அப்படி இல்லை. அவனுக்கு வேலை நிலையில்லை, இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். காரணம் அது இல்லை. கோயம்புத்தூர் பெரியப்பா வீட்டில் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான். நம்ம ஆட்கள் இல்லையே என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசினேன்.

இன்னொன்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது. அடுத்த வாரம் அவன் கல்லூரிக்கு வந்தான். டிபார்ட்மெண்ட் வாசலில் ஒரு பீரியட் முழுக்க நின்றான். நான் வெளியே வந்ததும், "அவகிட்ட ஒரு தடவ பேசிட்டுப் போயிடுறேம்மா" என்றான். அம்மா என்றுதான் கூப்பிட்டான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது, குடை இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளுக்கு இஷ்டமில்லை. உன்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்." நீ அப்படிச் சொல்லவே இல்லை. உன் வாய்க்கு நான் பேசினேன். யார் குரல் என்று ஊரான் பிள்ளைக்கெல்லாம் பாடம் நடத்தினவள், என் பிள்ளையின் குரலை எடுத்து ஒருத்தனை அனுப்பிவிட்டேன். அவன் ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போனான் என்று நீ அழுதாயே, உன் தலையைத் தடவிக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆஸ்டின் அந்த நாவலுக்கு முதலில் வேறு முடிவு எழுதினார். 1816 ஜூலை 18 என்று தேதி போட்டார். அதில், ஆன் வேறொருவரைக் கட்டப்போகிறாளா என்று அட்மிரல் சார்பில் வென்ட்வொர்த் வந்து கேட்பான். இன்னொருவர் கேள்வி அவன் வாயில். ஆஸ்டினுக்கு மனசு ஒப்பவில்லை. ஆகஸ்ட் 6க்குள் மாற்றி எழுதிவிட்டார். புது முடிவில்தான் வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் அந்தக் கடிதம் வருகிறது. ஆன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவன் எழுதுகிறான். கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, சிதறின தாள்களுக்கு அடியிலிருந்து எடுத்து அவள் முன் வைத்துவிட்டுப் போகிறான். முதல் முடிவின் கையெழுத்துப் பிரதி லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது, ஒருநாள் உன்னோடு வந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஜூலை 18க்குச் சரியாக ஒரு வருஷத்தில் அவர் இறந்துபோனார். 41 வயசு.

படம் எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை பாப்பா. யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது, என் சம்மதத்தை யார் கேட்டார்கள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. தலைக்கு எண்ணெய் வை. அந்தப் படியில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், யாராவது கை நீட்டினால் பிடித்துக்கொள்.

பருப்புப்பொடி பார்சல் தனியாக வருகிறது. அப்பாவிடம் காலையில் சொல்லிவிடப் போகிறேன். இந்தக் கவரை அவர்தான் தபாலில் போட வேண்டும்.

அம்மா