அந்தப் புலமைப்பரிசில் பற்றி மகளுக்கு

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தொலைபேசியில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்தினாயா என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கலாநிதிப் பட்டத்துக்கான முழுச் செலவும் தருகிறார்கள், ஆனால் பணம் ஓர் எண்ணெய்க் கம்பனியுடையது, ஆய்வுத் தலைப்பையும் அவர்களே மாற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆய்வு நிலையத்தின் வாசலில் மாணவர்கள் பதாகையோடு நிற்கிறார்கள், அவர்களைக் கடந்து உள்ளே போகக் கால் கூசுகிறது என்றும் எழுதியிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ஏற்காதே. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

இந்த விடயம் எங்களுக்குப் புதிது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீ படித்தது அரசாங்கப் பணத்தில். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டத்துப் பிள்ளைகளை வந்தடையப் பல பத்தாண்டுகள் சென்றன, ஆனாலும் வந்தது. அந்தப் பணத்தில் இந்த மலையில் கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பும் இருக்கிறது. உன் பாட்டியும் அவர்களில் ஒருத்தி. உன்னைப் படிக்க வைத்ததற்காக இன்ன முடிவை எழுது என்று யாரும் உன்னிடம் கேட்டதில்லை. அப்படிப் படித்தவள் நீ என்பதால்தான் இப்போது உனக்குக் கால் கூசுகிறது என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதிலிருந்து நானும் தேடி வாசித்து வருகிறேன். புவியியல் கற்பித்தவள்தானே, பழக்கம் விடவில்லை. வாசித்ததில் எனக்குப் புரிந்தது, பல்கலைக்கழகங்களுக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுக் கம்பனிகளுக்கும் இடையே இரண்டு விதமான பண உறவு உண்டு என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, பல்கலைக்கழகம் தன் அறக்கொடை நிதியை அந்தக் கம்பனிகளின் பங்குகளில் போட்டு வைப்பது. ஹார்வர்டின் நிதி மட்டும் 4,000 கோடி டொலருக்கு மேல். அங்கே மாணவர்கள் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் போராடினார்கள். 2019 நவம்பரில் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளையில், இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். பலரைப் பொலிஸ் கைது செய்தது. 2021 செப்டெம்பரில்தான் ஹார்வர்ட், சுவட்டு எரிபொருள் எனப்படும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலீடுகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2014 இல், ஐரோப்பாவில் முதலாவதாகக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அந்த முடிவை எடுத்திருந்தது. 2020 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் முதலீடுகளை விற்று முடித்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் 2030 க்குள் விலகுவதாக உறுதியளித்தது. இந்தப் பக்கம் வெற்றிகள் உண்டு. உன் வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் போன்றவர்கள் பெற்ற வெற்றிகள் அவை. அவர்கள் மீது கோபப்படாதே.

இரண்டாவது உறவுதான் உன்னிடம் வந்திருப்பது: ஆய்வுக்கென்று கம்பனி கொடுக்கும் பணம். பங்குகளை விற்ற பல்கலைக்கழகங்கள்கூட இதை எளிதில் விடுவதில்லை. 2002 இல் ஸ்டான்போர்டின் காலநிலை மற்றும் சக்தி ஆய்வுத் திட்டத்துக்கு எக்ஸொன்மொபில் எண்ணெய்க் கம்பனி 10 கோடி டொலர் தருவதாக வாக்களித்தது. 2007 இல் உயிரி எரிபொருள் ஆய்வுக்கென்று பெர்க்லிக்கும் அதன் கூட்டாளி நிறுவனங்களுக்கும் பிபி எண்ணெய்க் கம்பனி 50 கோடி டொலரை அறிவித்தது. கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வு நிலையம் அண்மைக்காலம் வரை பிபியின் பெயரையே தாங்கியிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சக்தி ஆய்வுத் திட்டத்திலும் பெரிய எண்ணெய்க் கம்பனிகள் உறுப்பினர்களாக இருந்து பணம் கொடுத்து வந்திருக்கின்றன.

"அம்மா, யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்லமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். உன் பேராசிரியர் நேர்மையானவர் என்பதையும் நம்புகிறேன். ஆனால் இந்தப் பணம் பொய்யை விலைக்கு வாங்க வருவதில்லை. 2022 இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்கலைக்கழகச் சக்தி ஆய்வு நிலையங்களின் அறிக்கைகளை வாக்கியம் வாக்கியமாக அளந்து பார்த்தார்கள். சுவட்டு எரிபொருள் கம்பனிகளிடம் பணம் பெற்ற நிலையங்கள் இயற்கை வாயுவைப் பற்றி மற்றவர்களைவிடச் சாதகமான தொனியில் எழுதியிருந்தன. அந்த அறிக்கைகளில் பொய் இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. தொனி சாய்ந்திருந்தது என்றார்கள். அரசாங்கங்கள் அந்தத் தொனியைக் கேட்டுத்தான் குழாய் பதிக்கின்றன, மின்நிலையம் கட்டுகின்றன.

அந்தக் கம்பனிகளுக்கு அறிவியல் தெரியாமலும் இல்லை. 1977 இலேயே எக்ஸொனின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எரிபொருளை எரிப்பதால் பூமி சூடாகும் என்று மேலதிகாரிகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பனியின் உள்ளக மதிப்பீடுகளை 2023 இல் ஆராய்ந்தவர்கள், வெப்பம் எவ்வளவு ஏறும் என்று அவர்கள் கணக்கிட்டது பெரும்பாலும் சரியாகவே அமைந்தது என்று கண்டார்கள். வெளியே மக்களிடம் அதே கம்பனி பல ஆண்டுகள் சந்தேகத்தைத்தான் விதைத்தது. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1977 இல் சொல்லியிருந்தால், அதன் பிறகு பிறந்த ஒரு தலைமுறை எவ்வளவு பயன் பெற்றிருக்கும்! அப்படி மறைத்த தொழில் இன்று பல்கலைக்கழகத்தின் சுவரில் தன் பெயரைப் பொறித்துக்கொள்கிறது என்றால், அதற்கு அந்தச் சுவரின் நற்பெயர் தேவைப்படுகிறது. உன் பெயரும் தேவைப்படுகிறது.

பிரித்தானியாவிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒரு சிகரெட் கம்பனியிடம் 38 இலட்சம் பவுண் வாங்கியது. எதற்குத் தெரியுமா? கம்பனிகளின் சமூகப் பொறுப்பைப் பற்றி ஆராய ஒரு நிலையம் அமைக்க. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித் அங்கே பேராசிரியர் பதவியும் வகித்தவர். நான் விலக வேண்டுமா என்று அவர் தன் வாசகர்களிடமே வாக்குக் கேட்டார். பெரும்பான்மையினர் விலகச் சொன்னார்கள். 2001 இல் விலகிவிட்டார். அவருக்கு வயதும் புகழும் வேறு பதவியும் இருந்தன. உனக்கு இப்போது அவை இல்லை என்பதை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன் கேள்வி எங்கே போயிற்று, மகளே?

இங்கிருந்து நீ கொண்டுபோனது மழையைப் பற்றிய கேள்வி. எந்தச் சரிவில், எந்த மண்ணில், எத்தனை மணி நேர மழைக்குப் பிறகு நிலம் பிடியை விடும் என்பது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியதை அறிந்த நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்பதை அறிந்தபோது நீ அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற வேறு இடம் இருக்கவில்லை. போன நவம்பரில், 2025 இல், டித்வா புயல் வந்தபோது நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் மலைகள் சரிந்ததை நீ அங்கிருந்து தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் இங்கே மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாய் இரு, 150 தாண்டினால் வெளியேறு என்கிறார்கள். வெளியேறி எங்கே போவது என்பதுதான் லயத்தில் இருப்பவர்களின் கேள்வி.

ஒரு புயலுக்கு ஒரு கம்பனியைக் கைகாட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். அந்த நீர் எங்கள் தலைமேல்தான் இறங்குகிறது.

இப்போது உனக்குத் தந்திருக்கும் தலைப்பு, காபனீரொட்சைட்டை நிலத்துக்கு அடியில் செலுத்தி அடைத்து வைப்பது. அதுவும் அறிவியல்தான், தேவையான அறிவியலாகவும் இருக்கலாம். ஆனால் எரிவாயுவைத் தொடர்ந்து விற்க அந்தக் கம்பனிக்குப் பயன்படும் அறிவியல் அது. மலைச்சரிவு பற்றிய உன் கேள்வியால் அவர்களுக்கு ஒரு சதமும் வராது.

நம் ஊரிலேயே பார். சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இல் தொடங்கப்பட்டது. தேயிலை மீது அறவிட்ட தீர்வைப் பணத்தில் வளர்ந்தது. கொப்புள நோய் வந்து செடிகள் வாடியபோது வழி கண்டுபிடித்தவர்கள் அவர்கள். நல்ல விளைச்சல் தரும் செடி வகைகளைத் தந்தவர்களும் அவர்களே. நேர்மையான உழைப்பு, நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் தேயிலைச் செடிக்காக வந்தது. அதனால் செடியைப் பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டன. கொழுந்துக் கூடையைச் சுமந்தவளின் முதுகெலும்பைப் பற்றி, அவள் படுத்த லயத்தின் பின்னால் இருக்கும் மண்ணைப் பற்றிக் கேட்க யாரும் தீர்வை விதிக்கவில்லை. அது விஞ்ஞானிகளின் குற்றமல்ல. பணம் எதற்காக வருகிறதோ அதைத்தான் ஆராய முடிகிறது. அதனால்தான் உன் கேள்வியை விட்டுவிடாதே என்கிறேன். அதைக் கேட்க எங்களிடம் அதிகம் பேர் இல்லை.

"நாமும் எண்ணெய் இல்லாமலா வாழ்கிறோம்" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்துதான் இந்த வீட்டில் விளக்கு எரிகிறது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது அது எவ்வளவு பெறுமதியானது என்று தெரிந்துகொண்டோம். எண்ணெயை வாங்கி எரிப்பவர்களுக்கு அதை விற்பவர்களின் ஆய்வைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாங்குபவர்கள்தான் அந்த வேறு வழியை யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பணம் இல்லாவிட்டால் ஆய்வு நின்றுவிடும் என்று பேராசிரியர் சொன்னாராம். 2022 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எக்ஸொன்மொபில் உட்பட 90 கம்பனிகளோடு உறவை விடுவதாக அறிவித்தபோது, இழக்கும் ஆய்வுப் பணத்தை ஈடுசெய்யத் தனியே ஒரு நிதியையும் அமைப்பதாகச் சொன்னது. பணக்காரப் பல்கலைக்கழகத்தால் முடிந்தது, எல்லோராலும் முடியாது. ஆனாலும் வழியே இல்லை என்று சொல்ல முடியாதல்லவா? உன் பல்கலைக்கழகத்தில் பொது நிதியில் இயங்கும் வேறு துறை இருக்கிறதா, நீரியல் அல்லது புவிச்சரிதவியல் துறையில் யாரிடமாவது உன் பழைய தலைப்பைக் காட்டினாயா என்று நீ எழுதவில்லை. முதலில் அதைச் செய்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்கத்தான் வேண்டும் என்று நீ முடிவெடுத்தால், நான் உன்னோடு பேசாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பார். தலைப்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு? அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைக் கம்பனி பார்க்குமா, பார்த்தால் நிறுத்தி வைக்க முடியுமா? நீ எழுதும் ஒவ்வொன்றிலும் பணம் தந்தவர் பெயரைப் போட விடுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கு. வாய்ச்சொல் போதாது.

இன்னொன்று. வீட்டுக் கடனுக்காகவும் தம்பியின் படிப்புக்காகவும்தான் அந்தப் பணத்தை நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ எழுதாமல் விட்டாலும் தெரியும். என் ஓய்வூதியம் வருகிறது. அப்பா வீட்டுக்குப் பின்னால் கோவாவும் லீக்ஸும் போட்டிருக்கிறார், இந்த முறை நன்றாக வந்திருக்கிறது. கடனை நாங்கள் மெதுவாகக் கட்டிக்கொள்வோம். எங்கள் பெயரைச் சொல்லி இந்த முடிவை எடுக்காதே.

ஒப்பந்தத்தின் பிரதியை எனக்கு அனுப்பு. சட்டம் படித்த பழைய மாணவி ஒருத்தி ஹட்டனில் இருக்கிறாள், அவளிடம் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது, நீரியல் துறையில் யாரைப் பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா