சுங்கச் சுரங்க ஒப்பந்தம் எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

வணக்கம். தனியார் கட்டி, சுங்கம் வசூலித்து, கெடு முடிந்ததும் அரசிடம் ஒப்படைக்கும் சாலைத் திட்டக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், கட்டணத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற பத்தியை முதலில் படியுங்கள். செலவுக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

ஹாங்காங் துறைமுகத்துக்கு அடியில் மூன்று சாலைச் சுரங்கங்கள் ஓடுகின்றன. 1972இல் திறந்த நடுச் சுரங்கம் 1999இல் அரசிடம் வந்துவிட்டது. 1997இல் திறந்த மேற்குச் சுரங்கத்தில் பாதிப் பங்கு கிராஸ் ஹார்பர் ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் இருந்தது. வருவாய் குறித்த அளவுக்குக் கீழே போனால் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளச் சட்டமே சுரங்க நிறுவனத்துக்கு வழிவிட்டது. காருக்கு 30 ஹாங்காங் டாலரில் தொடங்கியது 75 டாலர் வரை போனது. நடுச் சுரங்கத்திலோ 20 டாலர்தான்.

விளைவு என்ன? நான்கே தடம் கொண்ட நடுச் சுரங்கத்தின் வாயில் வண்டிகள் மொய்த்தன. ஆறு தடம் கொண்ட மேற்குச் சுரங்கத்தில் இடம் மிச்சமிருந்தது. வரிசை நீண்டு நகரத் தெருக்களையும் அடைத்தது. துறைமுகத்தைக் கடக்கவே வேண்டாதவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். முதலீட்டாளரை நான் குறை சொல்லமாட்டேன். சட்டம் தந்ததைத்தான் அவர்கள் எடுத்தார்கள். 30 ஆண்டு உரிமம் முடிந்து 2023 ஆகஸ்ட் 2 அன்று மேற்குச் சுரங்கம் அரசிடம் வந்தது. அன்றே அங்கே கார் கட்டணம் 60 டாலர், மற்ற இரண்டிலும் 30 என்று மாறியது. அதே டிசம்பரில் நேரத்துக்கேற்ற கட்டணமும் வந்தது. மூன்றும் ஒரே கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

நம் நாட்டு டெல்லி–நொய்டா மேம்பாலச் சாலையின் கதை இன்னும் கசப்பானது. ஆண்டுக்கு 20 விழுக்காடு லாபம் என்று ஒப்பந்தம். கிடைக்காத லாபம் திட்டச் செலவோடு சேரும். வண்டிக்காரர் கட்டக் கட்ட அடையவேண்டிய கடன், வளர்ந்துகொண்டே போனது! அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016இல் வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை உறுதிசெய்தது. கையெழுத்து போடும் முன்பே பிடித்திருக்க வேண்டிய பிழைக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நெரிசலைக் கருதிக் கட்டணத்தைக் கூட்டவும் குறைக்கவும் அரசுக்கு உரிமை இருக்கட்டும். அதனால் முதலீட்டாளருக்கு இழப்பு வந்தால் ஈடு எவ்வளவு என்பதற்கான சூத்திரத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள்; அவர்கள் போட்ட பணத்துக்கு நியாயமான லாபம் வேண்டும்தான். ஆனால் அந்த லாபத்துக்கு உச்சவரம்பும் கடைசித் தேதியும் வேண்டும். பங்குகள் கைமாறினால் பராமரிப்புக் கடமையும் கூடவே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்தாகும் முன் முழு ஒப்பந்தத்தையும், இணைப்புகள் உட்பட, தமிழில் வெளியிடுங்கள். சுங்கம் கட்டப்போகிறவர்கள் நாங்கள். படித்துவிட்டுக் கேள்வி கேட்க எங்களுக்கு அவகாசம் தாருங்கள்.

இப்படிக்கு,
சாலையைப் பயன்படுத்தும் குடிமகன்