தொடக்கப் பள்ளிக்குக் கட்டடம் கேட்டு ஐந்தாவது முறையாக மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மற்றும் பெற்றோர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: 2022-ல் இடிக்கப்பட்ட பள்ளிக் கட்டடத்துக்குப் பதிலாகப் புதுக் கட்டடம் கட்டித் தரவும், அதுவரை பிள்ளைகள் படிக்கும் சமுதாயக் கூடத்திலிருந்து நெல் மூட்டைகளை உடனே அகற்றித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். போன கார்த்திகை மழையில் வாய்க்கால் கரை உடைந்து சம்பாப் பயிர் முழுகியபோது, அய்யனார் கோயில் வளைவில் ஜீப்பை நிறுத்தி இறங்கி, கணுக்கால் சேற்றில் நின்று வயலைப் பார்த்தீர்கள். அழுகிய பயிரைப் பிடுங்கித் தங்கள் கையில் கொடுத்தது எங்கள் பெண்கள்தான். அப்போது தங்களுக்குப் பின்னால் பச்சை பெயின்ட் அடித்த ஒரு கட்டடம் இருந்தது. அதுதான் எங்கள் சமுதாயக் கூடம். மூன்று வருடத்துக்கு மேலாக 54 பிள்ளைகளுக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கும் அதுதான் பள்ளிக்கூடம். இதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. நெல்லையில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க அரசு உத்தரவிட்டது. எங்கள் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தையும் 2022 கோடை விடுமுறையில் இடித்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. மேற்கூரையில் மூங்கில் கை வைத்தாலே உதிர்ந்தது, இடித்தது சரிதான். ஆறு மாதத்தில் புதுக் கட்டடம் வரும் என்று சொன்னார்கள். சத்துணவு சமையலறையும் கொடிக்கம்பமும் மட்டும் அங்கே நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் கருவை மண்டிவிட்டது.

2. இதற்கு முன் நான்கு முறை மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு முறை திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், ஒரு முறை வட்டார அலுவலகத்தில், ஒரு முறை முகாமில். இந்த ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். ஒன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லை. முகாமில் கொடுத்த மனுவுக்கு மட்டும், மனு முடித்து வைக்கப்பட்டது என்று குழுத் தலைவியான என் போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. என்ன முடிந்தது என்று கேட்கப் போனால், சீட்டில் ஆள் இல்லை.

3. கூடம் ஊருக்குப் பொது. கல்யாணம், வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் அங்கேதான் நடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, ஏழைபாழைகள் வேறு எங்கே போவார்கள்? ஆவணியில் மட்டும் ஐந்து நாள் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். காரியம் நடந்த ஒரு நாள் அங்கேயும் இடமில்லாமல், ஆசிரியை புளியமரத்தடியில் வைத்துப் பாடம் எடுத்தார். என் மகள் இடித்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள், இப்போது நான்காம் வகுப்பு. இதுநாள் வரை அவள் ஒரு வகுப்பறைக்குள் உட்கார்ந்ததே இல்லை. சாயங்காலம் ஆனால், "அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடம் எங்கம்மா?" என்று கேட்பாள்.

4. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். இப்போது நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவை நெல் நன்றாக விளைந்தது. கூடத்து வாசலில்தான் அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையம். லாரி வரவில்லை, குடோனில் இடமில்லை என்று சொல்லி, வாங்கிய மூட்டைகளைக் கூடத்துக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்டுவிட்டார்கள். பாதிக்கு மேல் மூட்டைதான், ஐயா. மீதி இருக்கிற இடத்தில் ஐந்து வகுப்பும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூட்டை 40 கிலோ. அட்டி பிள்ளைகள் தலைக்கு மேலே எட்டு வரிசை நிற்கிறது. அடி மூட்டையை எலி கடித்து நெல் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அது சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் வயலில் வேலை ஓடவில்லை.

வாசலில் காலை ஒன்பது மணிக்குத் தூற்றும் மெஷின் ஓட ஆரம்பிக்கும். பதரும் தூசியும் சன்னல் வழியாக உள்ளே வந்து படியும். கரும்பலகையில் எழுதினால் பத்து நிமிடத்தில் எழுத்தின் மேல் மஞ்சளாகத் தூசி நிற்கிறது. நெல்லின் சுணை பட்டால் எப்படி அரிக்கும் என்று அறுவடைக்குப் போன எங்களுக்குத் தெரியும். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடுவோம். பிள்ளைகள் நாலு மணி வரை அதிலேயே இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொறிந்து சொறிந்து முழங்கை மடிப்பெல்லாம் புண். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி அனுப்ப, எண்ணெயிலும் தூசி ஒட்டிக்கொண்டு அவள் அழுதபடியே எழுதுகிறாள். இளைப்பு இருக்கிற பையன் ஒருவன் இரண்டு வாரமாகப் பள்ளிக்கே வரவில்லை. மூட்டை ஏற்ற லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஆசிரியர் பாடத்தை விட்டுவிட்டு வாசலில் போய் நிற்கிறார், எந்தப் பிள்ளையாவது ஓடிவிடக் கூடாதே என்று.

நெல் நனையட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வாசலில் குவிந்து கிடப்பது எங்கள் நெல்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்று ராத்திரி முழுக்கத் தார்ப்பாய் இழுத்து மூடிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பவர்கள்தான் நாங்கள். மூட்டைக்குக் கூரை தேடிக் கொடுத்தவர்கள், அதே கூரையின் கீழே இருந்த பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

5. கழிப்பறை. கூடத்தில் இருப்பது ஒன்று, அதற்கும் கதவு இல்லை. பெரிய பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆசிரியை பக்கத்து வீட்டுக்குப் போகிறார்.

6. அரசு எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கிய காலை உணவுத் திட்டம் எங்களுக்கும் வந்தது. எங்கள் குழுப் பெண்களே விடியற்காலையில் சமைக்கிறார்கள். ஆனால் சமையலறை பழைய இடத்தில் இருப்பதால், குண்டானை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டைத் தாண்டி வர வேண்டும். புதன்கிழமை பொங்கல் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இப்போது தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள், பதர் விழுகிறதே. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டுமாம், அட்டைகளைச் சுவரில் மாட்ட வேண்டுமாம். எந்தச் சுவரில் மாட்டுவது? சுவரை மூட்டை மறைத்திருக்கிறது. திறன் வகுப்பறைக்கு (ஸ்மார்ட் கிளாஸ்) வந்த திரை பெட்டி பிரிக்காமல் தலைமை ஆசிரியர் வீட்டில் இருக்கிறது. இவ்வளவும் கொடுத்த அரசு, அவற்றை வைக்க நாலு சுவர் கொடுக்கக் கூடாதா? பள்ளி மேலாண்மைக் குழுப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று இருக்கிறதாம். நாங்கள் கேட்பது அதுதான். அதற்கு மேல் ஒரு செங்கல் கேட்கவில்லை.

7. இதைச் சொல்லாமல் விட மனசு ஆறவில்லை. போன முறை கேட்கப் போனபோது, "அவசரமென்றால் நீங்களே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்களேன்" என்று ஓர் அலுவலர் சொன்னார். எங்களோடு வந்த வயதான அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி 94 பிள்ளைகள் கருகிய ஜில்லாக்காரர்களிடம் சொல்கிற வார்த்தையா அது? அன்றைக்கு இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கீற்றுக்குக் கீழே உட்கார வைக்க மாட்டோம். மழையில் நனைந்தாலும் மாட்டோம்.

ஐயா, ஐப்பசி பிறக்கப் போகிறது. அடைமழை பிடித்தால் இன்னும் மூட்டைகள்தான் உள்ளே வரும், பிள்ளைகள் வெளியே போவார்கள். எத்தனை முறை எழுதுவது? மூட்டைகளை இந்த வாரத்துக்குள் கிடங்குக்கு ஏற்றச் சொல்லுங்கள். மெஷினையும் லாரியையும் பள்ளி நேரத்தில் கூடத்து வாசலுக்கு வராமல் நிறுத்தச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு ஒரு கதவு போடச் சொல்லுங்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலோ வேறு எந்த நிதியிலோ இரண்டு வகுப்பறைக்கு உத்தரவு போட்டு, என்றைக்கு வேலை தொடங்கும் என்று எழுத்தில் தாருங்கள். இடம் இருக்கிறது. கருவையை வெட்டிக் கொடுக்க ஊரே வரும், கூலி கேட்க மாட்டோம்.

மூட்டைகளுக்கு நடுவே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படங்களை இத்துடன் வைத்திருக்கிறோம். படத்தில் தூசி தெரியாது. எனவே தயவுசெய்து ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், காலை எட்டேகால் மணிக்கு வாருங்கள். பிள்ளைகள் சாப்பிடும் நேரம் அது. அய்யனார் கோயில் வளைவில் அதே இடத்தில் ஜீப்பை நிறுத்தி, இந்த முறை திரும்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி
மற்றும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துள்ள பெற்றோர்கள்