கொல்லைப்பக்கக் கதவு

அன்புள்ள பாப்பா,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலை எடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கதவு வைக்கலாம், தாராளமாக.

கீழே உள்ள சுவரை உடைத்தால் வேலை முடிந்தது என்று கொத்தனார் சொன்னது, ஜன்னல் அகலத்துக்குள் கதவு நிற்கும்வரை சரி. ஜன்னலுக்கு அடியிலிருக்கும் செங்கல் பெரிதாக எதையும் தாங்கவில்லை. மாடிச் சுவரின் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்குவது ஜன்னலுக்கு மேலே குறுக்கே ஓடும் காங்கிரீட் உத்திரம், அதாவது லிண்டல். மாப்பிள்ளை கேட்கிற 4 அடிக் கதவுக்கு அந்த லிண்டல் போதாது. உங்கள் வீட்டில் பில்லர் கிடையாது, 9 அங்குலச் சுவர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது. மாடிக்கு முட்டு கொடுத்து, பழையதை எடுத்துப் புது லிண்டல் போட வேண்டும். அது இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். 14 நாள் அந்த முட்டுகளைத் தொடக்கூடாது. சன்ஷேடும் பழைய லிண்டலோடு சேர்த்து வார்த்ததுதான். மேலே இருக்கும் சுவரின் எடை அழுத்துவதால்தான் அது கவிழாமல் நிற்கிறது. அந்தச் சுவரைப் பிரித்தால் முதலில் சன்ஷேடு விழும். ஓரடி கூடுதல் அகலத்துக்கு இத்தனை பாடா? அந்த வழியாகப் பீரோவா போகப்போகிறது?

எனக்குக் கவலை உயரம்தான். லிண்டலின் அடி பழைய தரையிலிருந்து 7 அடியில் இருந்திருக்கும். அந்தச் சிவப்புத் தரைமேலேயே டைல்ஸ் ஒட்டினீர்களே, அதில் 2 அங்குலம் போயிருக்கும். ஆசாரி 7 அடிக் கதவு நிலையோடு வந்து நிற்பார். நுழையவில்லை என்றதும் உளியை வைத்து லிண்டலின் அடியைக் கொத்துவார்கள். எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று. பாரம் தாங்கும் கம்பி அடிப்பக்கத்தில்தான் ஓடுகிறது, அதை மூடியிருக்கும் காங்கிரீட் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். கொத்திய இடத்தில் ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடித்து உப்பும், மிச்சக் காங்கிரீட்டையும் பிளக்கும். அதனால் டைல்ஸிலிருந்து லிண்டல் அடிவரை நீயே டேப் பிடித்து இடது, நடு, வலது என அளந்துகொள். குறைந்த அளவில் அரை அங்குலம் கழித்து நிலை செய்யச் சொல். கதவு கொஞ்சம் குட்டையாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

உடைப்பதற்கு முன் லிண்டலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல். பொத்தென்று சத்தம் வந்தாலோ, ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினாலோ வேலையை நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடு. அப்புறம், சிங்க் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறதா என்றும் பார். இருபுறமும் கட்டரால் கோடு போட்டு அறுத்த பிறகே உடைக்கட்டும். எடுத்ததும் சம்மட்டி வேண்டாம், லிண்டல் உட்கார்ந்திருக்கும் பக்கச் செங்கல் ஆடிவிடும். தரை மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், கீழே பிளின்த் பீம், அதாவது அஸ்திவாரத்தின் மேல் ஓடும் காங்கிரீட் உத்திரம், இருந்தால் அதில் கை வைக்கக்கூடாது.

மூன்று அளவையும் எழுதி அனுப்பு. பார்த்துச் சொன்ன பிறகு ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடு.

அப்பா